கடைசி வாரல் உப்பு

என் பிறந்த வீட்டில் நெல்லுக்குக் குதிர் இருந்தது. மண்ணால் செய்த குதிர், ஆள் உயரத்துக்கும் மேலே. அதன் அடியில் ஒரு சின்ன வாய் இருக்கும்; பழந்துணியைச் சுருட்டி அடைத்திருப்பார்கள். திடீரென்று விருந்தாள் வந்தாலும் சரி, யாருக்காவது காய்ச்சல் கண்டாலும் சரி, அந்தத் துணியை உருவினால் நெல் மளமளவென்று கொட்டும். வேண்டியதை முறத்தில் பிடித்துக்கொண்டு மறுபடியும் அடைத்துவிடலாம். மேலே இருக்கிற நெல்லுக்கு ஒன்றும் ஆகாது. சேமிப்பு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தே வளர்ந்தேன். மரக்காணத்து உப்பளத்தில் வேலை செய்கிறவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்த பிறகுதான், தொட்டால் செத்துப்போகிற சேமிப்பும் உலகத்தில் உண்டு என்று தெரிந்தது.

இது எழுபதுகளின் நடுவில் நடந்தது. அப்போது எனக்கு ஒரு பெண் குழந்தை, இடுப்பை விட்டு இறங்காத வயது.

எங்கள் ஊரில் வெயில்தான் படியளக்கிற சாமி. தை பிறந்ததும் தரை இறுகப் பாத்தி மிதிப்பார்கள். மாசியிலிருந்து உப்பு விளையும். ஆண்கள் பலகையால் வாரிக் கரையில் ஒதுக்க, பெண்கள் கூடையில் சுமந்து மேட்டில் கொட்டுவோம். புரட்டாசி கடைசியில் மேகம் கறுத்தால் அன்றோடு வேலை முடிந்தது. அதன் பிறகு பொங்கல் வரைக்கும் கழுவெளி ஏரியும் உப்பளமும் ஒன்றாகக் கலந்து, எது ஏரி எது பாத்தி என்று சொல்ல முடியாமல் கிடக்கும். அந்த மாதங்களில் கூலி கிடையாது. உள்நாட்டு ஊர்களில் நடவுக்குக் கூப்பிட்டால் போகலாம். இல்லாவிட்டால் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி இறால் தடவலாம். இரண்டும் இல்லாதவர்கள் வயிற்றைத் தடவிக்கொள்ள வேண்டியதுதான்.

முதலாளி ஒரு வழக்கம் வைத்திருந்தார், அவருடைய அப்பா காலத்திலிருந்தே வருவதாம். பருவம் முடியும்போது கடைசியாக வாருகிற உப்பை அவர் எடுத்துக்கொள்ள மாட்டார். வேலையாட்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிடுவார். அதைக் கடைசி வாரல் என்போம். அவரவர் பங்கை வீட்டுக்குப் பின்னால் மேடாகக் குவித்து, பனையோலையால் கூரை மாதிரி மூடி வைத்துவிட வேண்டும். மழை நாளில் நல்ல உப்பு விற்பனைக்கு வராது; அப்போது கருவாடு போடுகிறவர்களுக்காகக் கூனிமேட்டு வியாபாரி ஒருவர் வந்து வாங்குவார். அந்தக் காசில் மார்கழியை ஓட்டிவிடலாம். தெருவில் யாரைக் கேட்டாலும், "நமக்கு இன்னா கவலை, பின்னால அம்பாரம் இருக்குது" என்பார்கள். ஏதோ பின்னால் பேங்கு கட்டி வைத்திருக்கிற மாதிரி.

அந்தத் தாராளத்தின் ரகசியம் எனக்குப் புரிய இரண்டு மழைக்காலம் ஆனது. ஒரு பருவம் முழுக்க உப்பைக் கொடுத்துக் களைத்துப்போன தண்ணீரில் கடைசியாக விளைவது கசப்பு உப்பு. காற்றில் ஈரம் இருந்தால் போதும், அதற்கு வியர்க்கும். தொட்டால் பிசுபிசுக்கும். பெரிய வியாபாரி எவனும் அதை மூட்டை பிடிக்க மாட்டான். முதலாளிக்கு அது தலைவலி; எங்களுக்கு அது சொத்து. இதை நான் ஒருநாள் வாய்விட்டுச் சொன்னபோது என் வீட்டுக்காரர் சிரித்தார்.

"தானமா குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்குறியே. கால்வாசி கரையும், முக்கால்வாசி நிக்கும். அது போதும்."

அவர் அப்படித்தான். எதற்கும் பதறாத மனிதர். ஊரில் எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும், ஆனால் பதற வேண்டிய இடத்தில் பதறாதவரோடு குடும்பம் நடத்தினால் இரண்டு பேருடைய பதற்றத்தையும் ஒருத்தியே பட வேண்டும்.

எனக்கென்று ஒரு சிறுவாடு இருந்தது. மிளகாய்த்தூள் டப்பாவின் அடியில், துணியில் முடிந்து வைத்திருந்தேன். கூடை சுமந்த கூலியில் வாரம் வாரம் கிள்ளி ஒதுக்கியது. முந்தின மழைக்காலத்தில் குழந்தைக்கு ஜுரம் வந்து கண் செருகியபோது கையில் ஒரு காசு இல்லை. என் காதில் இருந்த கம்மலைக் கழற்றி அடகு வைத்துத்தான் ஊசி போட்டோம். கம்மல் போனது போனதுதான். அன்றைக்கு வேப்பங்குச்சியைக் காதில் செருகிக்கொண்டு, இனிமேல் ஒரு ஆபத்துக்கு நான் யார் வாசலிலும் நிற்க மாட்டேன் என்று சபதம் செய்தேன். தூளில் முங்கிக் கிடந்த அந்தச் சில்லறையை எடுத்து எண்ணினால் விரல் எரியும். அந்த எரிச்சல் எனக்குப் பிடித்திருந்தது.

அந்த வருடம் வெயில் நன்றாகக் காய்ந்து, கடைசி வாரல் பங்கு என்றைக்கும் இல்லாத அளவு வந்தது. பின்வாசலில் குவித்தபோது அம்பாரம் எங்கள் குடிசைக் கூரையை எட்டிப் பார்த்தது. தெருவில் எல்லா வீட்டுக்கும் அப்படித்தான். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஓலை வேண்டும். ஓலைக்காரன் விட்டுவைப்பானா, விலையை ஏற்றினான். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாம் நாள் கேட்டுவிட்டார்.

"அந்தத் தூள் டப்பாவுல எதனா இருக்குதா?"

"எந்தத் தூள் டப்பா?" என்றேன்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறியா? மூணு மாசமா குழம்புல காரமே இல்ல. அடியில கை போகுதுன்னு நீ தூளே எடுக்க மாட்டேங்குற."

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தது என் தப்பு என்று அப்போது தோன்றவில்லை. சிரித்தாலும் விடவில்லை, சண்டை போட்டேன். அது ஆபத்துக்கு வைத்த காசு என்றேன். அவர் அம்பாரத்தைக் கைகாட்டினார். "அதுவும் ஆபத்துக்கு வச்சதுதான். மேல ஓலை இல்லன்னா மொத மழையிலயே கடலுக்குப் போயிடும். சின்னதைப் போட்டுப் பெருசைக் காப்பாத்துறோம். யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்த்தேன். நியாயமாகத்தான் இருந்தது. அந்த நியாயத்தை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. ஊர் முழுக்க அந்த நியாயத்தைத்தான் செய்துகொண்டிருந்தது. கையில் இருந்த காசை எல்லாம் ஓலையாக்கி, கரையப்போகிற உப்பின் தலையில் வைத்துக் கட்டினோம். நானும் முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தேன்.

ஓலை வேய்ந்த அன்று அவர் அம்பாரத்தின் மேலே ஏறி நின்றார். நான் கீழேயிருந்து மட்டையும் ஓலையுமாக எடுத்து நீட்டினேன். பனை மட்டையின் இரண்டு ஓரத்திலும் கருக்கு இருக்கும், ரம்பப் பல் மாதிரி. நிதானமாகச் செய்கிறவர்கள் கத்தியால் அதைச் சீவிவிட்டுத்தான் மேலே கொடுப்பார்கள். மேகம் கூடிக்கொண்டு வந்தது, சீவ நேரமில்லை. ஒரு மட்டையைக் காலால் மிதித்து அழுத்தும்போது கருக்கு அவர் உள்ளங்காலின் வெடிப்பில் ஏறிவிட்டது. உப்பளத்துக்காரர்களின் பாதம் மரத்துப்போயிருக்கும், பாளம் பாளமாக வெடித்திருக்கும். வலி அவருக்கு உடனே தெரியவில்லை. ஓலையில் ரத்தத்தைப் பார்த்து நான்தான் கத்தினேன்.

அவர் உட்கார்ந்து காலைத் திருப்பிப் பார்த்தார். அம்பாரத்திலிருந்தே ஒரு பிடி உப்பை எடுத்து வெடிப்பில் வைத்துத் தேய்த்தார். முகத்தை ஒருமுறை சுளித்தார், அவ்வளவுதான்.

"உப்பு பட்ட புண்ணு சீழ் வைக்காதுடி. நீ அடுத்த மட்டையைக் குடு."

இதை அவர் மட்டும் சொல்லவில்லை. உப்பளத்தில் எல்லோரும் சொல்வார்கள். மீன் கெடாமல் இருக்க உப்பு, மாங்காய் கெடாமல் இருக்க உப்பு, மனுஷன் சதை மட்டும் எப்படிக் கெடும் என்பார்கள். எட்டு மாதம் உப்புத் தண்ணீரில் நிற்கிற கால்களுக்கு எந்தக் கேடும் வராது என்று அவர்களுக்கு ஒரு திமிர். அந்தத் திமிரை நானும் நம்பினேன். நம்பாமல் இருக்க எனக்கென்ன தெரியும்?

மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி பிறந்து ஒரு வாரத்துக்கெல்லாம் கால் வீங்கிவிட்டது. முதலில் பாதம், அப்புறம் கணுக்கால். தோல் பளபளவென்று, விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டேன். வேப்பிலை அரைத்துக் கட்டினேன். குளிர்ஜுரம் வந்து உடம்பு தூக்கிப்போட ஆரம்பித்தபோது, கடைத்தெருவில் ஊசி போடுகிற கம்பவுண்டரைக் கெஞ்சிக் கூட்டி வந்தேன். அவர் துணியைப் பிரித்துப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஏம்பா, இத்தினி நாளு இன்னா பண்ணிக்கினு இருந்தே?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு, என்னை வாசலுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். "இது என் கைக்கு மிஞ்சிப்போச்சும்மா. பாண்டி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. இப்பவே போனா காலு மிஞ்சும். தள்ளிப்போட்டா காலை எடுக்கிற மாதிரி ஆயிடும். அப்புறம் ஆளே மிஞ்சுறது கஷ்டம்."

பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம் என்று எல்லோரும் சொல்வார்கள். இலவசத்துக்குப் போய்ச் சேரவும் காசு வேண்டும். அந்த மழையில் எங்கள் பக்கம் பஸ் வரவில்லை; நடக்க முடியாதவரைக் கொண்டு போக வண்டியோ காரோ பிடிக்க வேண்டும். அங்கே இல்லாத மருந்தை வெளியில் எழுதிக் கொடுப்பார்கள். கூட இருக்கிறவளுக்கும் குழந்தைக்கும் ஒரு வேளையாவது சோறு வேண்டும். நான் ஓடிப்போய்த் தூள் டப்பாவைத் திறந்தேன். எதற்குத் திறந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. உள்ளே தூள்தான் இருந்தது.

"அம்பாரத்தைப் பிரிச்சிடலாங்க" என்றேன்.

ஜுரத்திலும் அவர் தலை வேகமாக ஆடியது. "கொட்டுற மழையில ஓலையை எடுத்தா ஒரு மூட்டை அள்ளுறதுக்குள்ள ஒம்போது மூட்டை கரைஞ்சு போயிடும். பைத்தியமா உனக்கு? மழை விடட்டும். ரெண்டு நாளு விட்டாப் போதும், பிரிச்சு வித்துட்டுப் போவலாம்."

"காலு?"

"காலு எங்க போவப் போவுது? இங்கதான இருக்குது."

நான் கத்தினேன். கையில் இருந்த சொம்பைச் சுவரில் எறிந்தேன். குழந்தை அலறியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். குதிராக இருந்தால் அடியில் ஒரு துணியை உருவியிருப்பேனே என்று அன்றைக்கு எத்தனை தடவை நினைத்திருப்பேன்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டேன். என்னோடு கூடை சுமக்கிறவள், கேட்டால் இல்லை என்று சொல்லாதவள். அவள் அழுதுவிட்டாள். "எங்க கிட்ட இன்னா இருக்குது? உங்க பின்னால இருக்கிறதுதான் எங்க பின்னாலயும் இருக்குது" என்றாள். தெரு முழுக்க அதே பதில். எல்லா வீட்டுப் பின்வாசலிலும் ஓலை போட்ட சொத்து. ஒரு வீட்டிலும் கையில் காசில்லை. ஒரே மழை எல்லோரையும் ஒரே நேரத்தில் பூட்டி வைத்திருந்தது. கஷ்டம் மாறி மாறி வந்தால்தானே ஒருத்தருக்கொருத்தர் கொடுத்து வாங்க முடியும்?

முதலாளி சென்னையில் இருந்தார். கணக்குப்பிள்ளை வீட்டு வாசலில் போய் நின்றேன். நிற்க மாட்டேன் என்று சபதம் போட்டவள்தான் நின்றேன். அவர் வெற்றிலை மென்றுகொண்டே கேட்டார். போன வருடம் கொடுத்த முன்பணத்தையே இன்னும் கூலியில் பிடித்து முடியவில்லை என்றார்.

"காலு நல்லா இருக்கிறவனுக்குத்தாம்மா முன்பணம். தை மாசம் பாத்தி மிதிக்க வந்து நிக்கட்டும், நானே குடுக்குறேன்."

"காலை நல்லாக்கத்தான் கேக்குறேங்க ஐயா."

"அதான் முதலாளி உங்களுக்கெல்லாம் உப்பு குடுத்திருக்காரே. வேற எந்த அளத்துல குடுக்குறாங்க? உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லியிருக்குது. அதை வித்துக்க."

உப்பிட்டவர்! எனக்கு வந்த கோபத்தில் அந்த வெற்றிலைப் பெட்டியைத் தூக்கி அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். கவிழ்க்கவில்லை. தை மாதம் வேலை வேண்டுமே. "வர்றேங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டு, கோணிப்பையைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு கூனிமேட்டுக்கு நடந்தேன். உப்பு விற்கப் போனால் மழை பெய்யும், மாவு விற்கப் போனால் காற்றடிக்கும் என்று என் அம்மா சொல்வாள். எனக்கு இரண்டும் சேர்ந்தே அடித்தது. வியாபாரி பாய் என்னைப் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் வீட்டம்மா சூடாக டீ கொண்டு வந்து கொடுத்தார். டீயைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் அம்பாரம் முழுவதையும் இப்போதே அவர் பேருக்கு எடுத்துக்கொள்ளட்டும், பாதி விலையானாலும் சரி, காசை மட்டும் இன்றைக்குக் கொடுத்தால் போதும் என்றேன்.

பாய் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, நீ சொல்றது எனக்குப் புரியுது. ஆனா ஓலை பிரிக்காத உப்புக்கு இந்தக் கரையில எவனும் விலை சொல்ல மாட்டான். எங்க வாப்பாவும் சொன்னதில்ல. கடலுக்குள்ள இருக்கிற மீனுக்கு விலை பேசுவாங்களா? உள்ள இன்னா இருக்குதுன்னு அல்லாவுக்குத்தான் தெரியும்."

"உப்புதான் இருக்குது பாய். நான்தான கொட்டினேன்."

"நீ கொட்டினது புரட்டாசியில. இது ஐப்பசி."

அவர் எழுந்து போய், மடித்த நோட்டு ஒன்றைக் கொண்டு வந்து என் கையில் வைத்தார். இது கடன் இல்லை, வழியில் பாலுக்கு வைத்துக்கொள் என்றார். வானம் எப்போது வெளுத்தாலும் அன்றைக்கே வண்டி அனுப்புவதாகவும், மூட்டைக்கு நல்ல விலை போடுவதாகவும் சொன்னார். நல்ல மனிதர். நல்ல மனிதரிடம் வந்தும் காரியம் நடக்கவில்லை என்றால் அப்புறம் யாரைத்தான் திட்டுவது? திரும்பி வரும் வழியில் யாரையும் திட்ட முடியாமல் அழுதுகொண்டே வந்தேன். மழையில் அழுவதில் ஒரு வசதி, யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

பாய் கொடுத்ததில் கம்பவுண்டர் இன்னும் இரண்டு ஊசி போட்டார். ஜுரம் இறங்கி இறங்கி ஏறியது. முழங்கால் வரை நிறம் மாறிவிட்டது. என் வீட்டுக்காரர் படுத்த இடத்திலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு கூரையில் விழுகிற மழையைக் கேட்பார். சத்தம் கொஞ்சம் குறைந்தால், "விடுது பாரு" என்பார். மறுபடி வலுக்கும். காலின் நாற்றம் அவருக்கே எட்டியிருக்கும். ஆனாலும் அதைப் பற்றி அவர் பேசவில்லை. ஓலை நகராமல் இருக்கிறதா, கயிறு தளர்ந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டார். நானும் ஒவ்வொரு தடவையும் நனைந்துகொண்டே போய்ப் பார்த்துவிட்டு வந்து, அப்படியே இருக்குது என்று சொல்வேன். அம்பாரம் கட்டுக்குலையாமல் நின்றது. ஓலை ஒரு இணுக்குக்கூட விலகவில்லை. அவ்வளவு நேர்த்தியாக வேய்ந்திருந்தார்.

ஒருநாள் காலையில் மழை நின்றிருந்தது. வெயிலே அடித்தது. பாய் சொன்ன சொல் தவறவில்லை. உச்சிவேளைக்கு முன்னால் காலிக் கோணிகளோடு மாட்டுவண்டி வந்து நின்றது. வண்டிக்காரர் வயதானவர், பேச்சு குறைவு. என் வீட்டுக்காரர் தன்னைக் கட்டிலோடு பின்வாசலுக்குத் தூக்கி வரச் சொன்னார். பிரிப்பதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம். அக்காவும் அவள் புருஷனும் தூக்கி வந்து வைத்தார்கள். அவர் முகம் வற்றிப்போயிருந்தது, கண்ணில் மட்டும் ஒரு வெளிச்சம். "மேலேருந்து பிரிக்காதீங்க, பக்கவாட்டுல பிரிங்க" என்று சொல்லிக் கொடுத்தார்.

வண்டிக்காரர் கயிற்றை அறுத்தார். நான் ஓலையை இழுத்தேன். உள்ளே வெள்ளைச் சுவர் மாதிரி உப்பு கெட்டிப்பட்டுப் பளபளத்தது. எனக்கு உயிரே வந்தது. "பாத்தியா?" என்றார் அவர் கட்டிலிலிருந்து. வண்டிக்காரர் மண்வெட்டியை ஓங்கி ஒரு போடு போட்டார்.

மண்வெட்டி உள்ளே போய்விட்டது. பிடி வரைக்கும்.

அவர் அதை உருவி, ஓட்டைக்குள் கையை விட்டுத் துழாவினார். அப்புறம் இன்னும் நான்கு போடு போட்டார். ஒரு கையகல ஓடு இடிந்து விழுந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. தரையில் கொஞ்சம் சேறு, அதில் கசப்புத் தண்ணீர் தேங்கி நின்றது. மழை மேலேயிருந்து வரும் என்றுதானே ஓலை போட்டோம். ஈரம் கீழேயிருந்து ஏறிவிட்டது. அந்தக் கசப்பு உப்பு தரை ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சித் தானாகவே வியர்த்து, அடியோடு வழிந்து போயிருந்தது. வெளிப்பக்கத்து ஓடு மட்டும் காற்றில் இறுகி, எங்களுக்காக நின்றுகொண்டிருந்தது. எப்போது போனது என்று யாருக்குத் தெரியும்? மழை விடட்டும் மழை விடட்டும் என்று காலை அழுகவிட்டுக் காத்திருந்தோமே, நாங்கள் காத்தது அந்த வெற்று ஓடு ஒன்றைத்தான்.

வண்டிக்காரர் ஓட்டில் தேறிய உப்பைச் சுரண்டிப் பார்த்தார். இரண்டு கோணிகூட நிரம்பவில்லை. நான் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். எதற்கும் பதறாத மனிதர், வாயைத் திறந்து, சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தார். அவருக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அத்தனை வெறுப்பு எனக்கு, அவர் மேலா உப்பின் மேலா என்று பிரித்துச் சொல்ல முடியாத வெறுப்பு.

வண்டிக்காரர்தான் கோணிகளை உதறி வண்டியில் மெத்தை மாதிரிப் பரப்பினார். "ஏத்துங்கம்மா" என்றார்.

"எதை?"

"அவரைத்தான். உப்பு ஏத்த வந்த வண்டி. உப்பு இல்ல. காலியாத்தான போவப் போவுது? பாய் கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அப்படித்தான் அவரைக் கூனிமேடு வரைக்கும் கொண்டு போனோம். அங்கே பாய் கார் பிடித்துக் கொடுத்தார். போகும் வழியெல்லாம் வெயில் சுள்ளென்று அடித்தது. மேட்டில் முதலாளியின் அம்பாரங்கள் செங்கல் தளத்தின் மேல் வரிசையாக ஓலை போட்டு நின்றன. முதல் வாரல் உப்பு. அதற்கு ஒன்றும் ஆகாது.

பாண்டியில் டாக்டர் துணியைப் பிரித்துப் பார்த்து, ஒரு வாரம் முன்னாடி வரக் கூடாதா என்றார். அதையும் எங்களைத் திட்டிச் சொல்லவில்லை, அலுத்துப்போய்ச் சொன்னார். தினமும் நாலு பேரிடம் சொல்லிப் பழகியிருப்பார் போல. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிர் மிஞ்சியது. மருந்துக்கும் சோற்றுக்கும் என் தம்பி விதை நெல்லை விற்றுக் கொண்டு வந்து கொடுத்தான். பிறந்த வீட்டுக் குதிரும் அத்தோடு காலி. பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும் என்பதை அதுவரை சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் தை மாதம் பாத்தி மிதிக்க அவர் போகவில்லை. இரண்டு காலால் மிதிக்கிற வேலை அது. நான் மட்டும் கூடை சுமந்தேன். கஞ்சியைத் தண்ணீராக்கி, மறுபடியும் தூள் டப்பாவில் கிள்ளிக் கிள்ளிப் போட்டேன். புரட்டாசியில் பங்கு பிரிக்கும்போது கணக்குப்பிள்ளை, "பாவம், அவனுக்கும் ஒரு அரைப் பங்கு போடுங்கப்பா" என்று இரக்கப்பட்டார். பின்வாசலில் அதே இடத்தில் உப்பு வந்து இறங்கியது. தொட்டேன், பிசுபிசுத்தது.

அவர் கட்டையை ஊன்றி வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூள் டப்பாவுல எதனா இருக்குதா?" என்றார்.

"இது நிக்காதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு ஓலை?"

"வேற இன்னா இருக்குது நம்ம கிட்ட, மூடி வைக்க?"

அவரைத் திட்ட வாயைத் திறந்தேன். திட்ட ஒன்றும் அகப்படவில்லை. காசாக வைத்தால் அது தூள் டப்பாவில் எத்தனை நாள் தங்கும்? அரிசிக்காரன் கேட்பான், குழந்தை இருமும், கரைந்துவிடும். உப்பாக இருந்தால் கரைகிறது கண்ணுக்காவது தெரியாது. உள்ளே போய் முடிச்சை எடுத்து வந்தேன்.

மேகம் கூடி வந்த ஒரு சாயங்காலம் நான் அம்பாரத்தின் மேல் ஏறி நின்றேன். அவர் கீழே உட்கார்ந்து, ஒவ்வொரு மட்டையாக மடியில் வைத்து, கத்தியால் இரண்டு பக்கமும் கருக்கைச் சீவினார். சீவி முடித்ததும் ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்ப்பார். பிசிர் இருந்தால் மறுபடி சீவுவார். அதற்கப்புறம்தான் என் கையில் கொடுப்பார். மேலே வெறுங்காலோடு நின்ற என் முதுகில் முதல் தூறல் விழுந்தது.

"போதும், சீக்கிரம் குடுங்க" என்றேன்.

"இரு, இன்னும் கொஞ்சம் இருக்குது" என்று சொல்லி, அவர் சீவிக்கொண்டே இருந்தார்.